மணல் மூட்டை மேல் பாய்

அன்று வண்டியில் அப்பா இருந்தார், சித்தப்பா இருந்தார், ஒன்பது வயதில் நான் இருந்தேன். பின்னால் பாயில் அம்மா.

இன்று புளியறை செக்போஸ்டில் ஒரு பழைய பிக்கப் என்னைக் கடந்து காலியாகப் போனது. பின்கதவு தடதடவென்று அடித்தது. எங்கள் வண்டியும் அப்படித்தான். லோடு ஏற்றினால்தான் குலுங்காது.

அன்று அம்மா வயிற்றுவலியில் துடித்தாள். அப்பா முதலில் மணல் மூட்டைகளை ஏற்றி, மேலே பாய் விரித்தார்.

“நேரமாவுதுண்ணே,” என்றார் சித்தப்பா.

“குலுங்குனா அவ தாங்க மாட்டா லே.”

பாரத்தோடு வண்டி மெதுவாகத்தான் போனது. தென்காசி ஆஸ்பத்திரி வருமுன்பே அம்மா போய்விட்டாள். வண்டியைத் திருப்பினோம்.

“இனி மூட்டை எதுக்குண்ணே? இங்கன எறக்கிட்டு வெரசா போயிருவோம்.”

“கெடக்கட்டும்லே. அவளுக்குக் குலுங்கும்,” என்றார் அப்பா.

வீட்டில் அம்மாவை இறக்கிய பிறகு, யாரையும் தொடவிடாமல் அவரே மூட்டைகளை இறக்கினார். இருபது மூட்டை. ஒரு டன்.