பாத்திமா மேடமும் திருப்பிக் கட்டிய பிளெக்ஸும்

செய்தி வந்தபோது நான் குற்றாலம் போகும் பஸ்ஸில் இருந்தேன். மேலகரத்தில் அவள் வீட்டு நிறுத்தத்தை அப்போதுதான் தாண்டியிருந்தோம். அவள் கணவர் ஷேக் அண்ணன் போனில் அழைத்தார். "டீச்சர், பாத்திமா போயிட்டா. விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டுப் படுத்தவ எந்திரிக்கல." கண்டக்டரிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. இறங்கி, அழுதுகொண்டே திரும்பி நடந்தேன்.

உங்களில் பலருக்கு அவள் விலங்கியல் துறை மைதீன் பாத்திமா மேடம். எனக்குப் பாத்துமா. நான் பக்கத்து அறைத் தாவரவியல்காரி. ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். அவளுக்கு உயிர் குதிக்கும் சிலந்திகள் மேல்தான். வலை பின்னிக் காத்திருக்காமல் பாய்ந்து இரை பிடிப்பவை. முன்னால் இரண்டு பெரிய கண்களை வைத்துக்கொண்டு நம்மையே திரும்பிப் பார்ப்பவை. எந்தச் சிலந்தி எந்த ஊரில் வாழ்கிறது என்று ஆதாரத்தோடு பதிவு செய்வதுதான் அவள் ஆராய்ச்சி. "புதுசாக் கண்டுபிடிக்கவங்க பிடிக்கட்டும். இருக்கதை இருக்க இடத்துல வச்சு எழுதவும் ஆள் வேணும்லா," என்பாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் பிடித்த பிடி உடும்புப் பிடி. ஓர் இடத்துக்கு வந்தது வேறு, அங்கே வாழ்வது வேறு. ஷேக் அண்ணன் சவூதியில் இருந்த காலத்தில் தன் வீட்டுக்காரரையே உதாரணத்துக்கு இழுப்பாள். "எங்க வீட்டுல உள்ளவுக லீவுக்கு வாராவ, பெட்டியத் தூக்கிட்டுப் போறாவ. அவுகளை மேலகரத்துல வாழுத இனம்னு நான் எப்படி எழுதுவேன்?" வகுப்பே சிரிக்கும். அதற்குப் பிறகு அந்தப் பாடம் யாருக்கும் மறக்காது.

இரண்டு சாரல் சீசனுக்கு முன்னால் குற்றாலத்தில் ஒரு பழக்கடையில் ரம்புட்டான் வாங்கிக்கொண்டிருந்தோம். பழக் குவியலிலிருந்து ஒரு சிலந்தி தராசுத் தட்டில் குதித்தது. முகத்தில் வெள்ளை மீசை. கைப்பையில் எப்போதும் கிடக்கும் சின்னக் குப்பியில் அதைப் பிடித்தாள். "குத்தாலத்துப் பழம் மேடம், நம்ம தோட்டத்துல உள்ளது," என்றார் கடைக்காரர். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தாள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மட்டும் பதிவான இனம் அது. தமிழ்நாட்டில் அதுவரை யாரும் பார்த்து எழுதியதில்லை.

பொறுமை என்பதை எங்கள் முதல்வர் பாடமாகக்கூடப் படித்ததில்லை. விஷயம் காதில் விழுந்ததுமே பிளெக்ஸ் அடித்துக் கல்லூரி வாசலில் கட்டிவிட்டார். ஒரு பக்கம் பாத்துமா படம், மறுபக்கம் மீசைக்காரச் சிலந்தி, நடுவில் 'தமிழகத்தில் முதல் பதிவு'. அதைப் பார்த்ததும் அவள் என்னை இழுத்துக்கொண்டு மறுபடி அந்தக் கடைக்குப் போனாள். இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"அண்ணாச்சி, நான் விலையக் குறைக்கச் சொல்லல. பழம் நெசமாவே எங்க உள்ளது?"

அவர் தலையைச் சொறிந்தார். "யாவாரத்துக்குக் கேட்டா குத்தாலம் மேடம். நீங்க கேக்கதைப் பார்த்தா வேற எதுக்கோ கேக்க மாதிரி இருக்கு. மலைக்கு அந்தப் பக்கம் புனலூர்ல இருந்து காலம்பற வண்டி வருது."

அன்றே முதல்வர் அறைக்குப் போனாள். "பிளெக்ஸை அவுத்துருங்க சார். அந்தச் சிலந்தி ரம்புட்டான் வண்டியில வந்த டூரிஸ்ட்டு." முதல்வர், "அடிச்சாச்சே மேடம், யாரு கேக்கப் போறா?" என்றார். "நான் கேக்கேன்லா," என்றாள். வீணாக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. பைக் ஸ்டாண்டில் கூரையாகக் கட்டச் சொன்னாள். "எழுத்து வானத்தைப் பார்த்து இருக்கட்டும் சார். சரியா தப்பான்னு மேல உள்ளவன் பார்த்துக்கிடுவான்."

பிறகு மலையடிவாரத் தோட்டங்களில் தேட ஆரம்பித்தாள். மரம் எனக்குத் தெரியும், பூச்சி அவளுக்குத் தெரியும், சேர்ந்தே அலைந்தோம். ஆடியில் ஒரு மங்குஸ்தான் மரத்தில், மடித்த இலைக்குள் முட்டையைக் காத்துக்கொண்டு ஒரு தாய்ச் சிலந்தி இருந்தது. இது போதும், எழுதிவிடு என்றேன். "பிள்ளப்பேறுக்கு வந்தவளா இருந்தா என்ன செய்வே? பழவண்டி வராத காலத்துல பெரிசும் சிறிசுமா இருக்குதான்னு பார்க்கணும்ட்டி," என்றாள். வேறு யாராவது முந்திக்கொண்டு எழுதினால் என்ன செய்வாய் என்று கத்தினேன். "எழுதட்டும். நமக்குத் தெரிஞ்சாத்தான் நாம எழுதணும்." அன்று அவளோடு பேசாமலே வீடு திரும்பினேன்.

போன வருடப் பங்குனியில் அதே தோட்டத்துக்குப் போனோம். அருவி வற்றிக் கிடந்தது. கடைகள் பாதி மூடியிருந்தன. பழவண்டி எதுவும் வரும் காலமில்லை. ஓர் இலையில் மீசைக்காரர், பக்கத்து இலையில் அவர் பெண்டாட்டி, கொப்பு முழுக்க எள்ளளவில் பிள்ளைகள். பாத்துமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இவுக இந்த ஊர்க்காரங்க ஏட்டி. இப்ப எழுதுவோம்." அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை.

இந்தச் சித்திரையில் கட்டுரை அச்சில் வந்தது. முதல்வர் புது பிளெக்ஸ் அடிக்கப் போனை எடுத்தார். "பழசு இருக்குல்லா சார், அதையே திருப்பிக் கட்டுங்க," என்றாள். கல்லூரி திறந்ததும் கட்டுவதாகப் பேச்சு. திறந்த அந்த வாரமே அவள் போய்விட்டாள்.

அவள் வீட்டில் பெண்கள் கூடியிருந்தோம். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அடக்கம் முடிந்து திரும்பிய ஷேக் அண்ணன் என்னிடம் வந்து நின்றார். சவூதியை முடித்துக்கொண்டு அவர் ஊரோடு வந்தது இரண்டு வருடம் முன்புதான். "நான் வந்தவன்னே சொல்லிட்டு இருப்பா டீச்சர். போன மாசம்தான் சொன்னா, சரி, இனி நீங்க இங்கன உள்ள ஆளுதான்னு," என்றார்.

மறுநாள் கல்லூரியில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸுக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அது வேண்டாம், பழசு இருக்கிறது என்று முதல்வரிடம் சொன்னேன். அவர் எழுந்து தானே பைக் ஸ்டாண்டுக்கு வந்தார். பழைய பிளெக்ஸை அவிழ்த்தோம். காக்கை எச்சத்தைக் கழுவினோம். வாசலில் ரோட்டைப் பார்த்துக் கட்டினோம்.

பாத்துமாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான்: தெரியாதவரை எழுத்து வானத்தைப் பார்க்கட்டும், தெரிந்தபின் ரோட்டைப் பார்க்கட்டும். அந்தப் பக்கம் போனால் நின்று பாருங்கள். வெயிலில் சிலந்தியின் மீசை அழிந்துவிட்டது, அவள் முகம் நீலம் பாரித்திருக்கிறது. எழுதியிருப்பது சரி.