மீசையை எடுத்த கை

பட்டாளம் என்றுதான் எல்லாரும் அவனைச் சொன்னார்கள். முகத்துக்கு நேரே கொஞ்சம், முதுகுக்குப் பின்னால் நிறைய. போருக்குப் போன இடத்தில் அவன் துப்பாக்கியைத் தொட்டது பயிற்சியின்போது மட்டும்தான். மற்றபடி முகாமில் அவன் வேலை முடி வெட்டுவதும் சவரம் செய்வதும். ஊர் என்ன இதையெல்லாம் விசாரித்துக்கொண்டா பேசும்? அது யாருக்கும் பிடிக்காத போர். எதற்குத் தொடங்கினோம் என்று தொடங்கியவர்களுக்கே மறந்துபோன போர். அவர்களைத் திட்டலாம் என்றால் நெருங்க முடியாது, வாசலில் காவல். எய்தவன் எட்டாத உயரத்தில் இருந்தால் அம்பைத்தான் நோவார்கள். அந்த அம்பு அக்காள் வீட்டு மாடியறையில் குடியிருந்தால் இன்னும் வசதி.

அக்காள் புருஷனின் சலூனில் மூன்று நாற்காலிகள். வாசலோரம் அத்தானுடையது. நடுவில் இருப்பது வாயாடி என்று பெயரெடுத்த வேலைக்காரனுடையது. கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பது இவனுடையது. தொழில் கற்றுக்கொண்டதே அந்த நாற்காலியில்தான். போருக்குப் போவதற்கு முன்னால் இவன் கை பூ மாதிரி என்று காத்திருந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. அதே ஆட்கள் இப்போது பெஞ்சில் நெருக்கியடித்து, பழைய செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது நாற்காலி காலியாகக் கிடந்தது.

“வாங்க, இங்க உக்காருங்க” என்று அவன் துணியை உதறினால், “அவசரமில்லப்பா, அத்தான்கிட்டயே பண்ணிக்கிறேன்” என்பார்கள். ஒரு வாத்தியார் இன்னும் ஒரு படி மேலே போனார்.

“கழுத்தை யாருகிட்ட குடுக்கிறோம்னு ஒரு யோசனை வேணாமா?”

பெஞ்சு சிரித்தது. வாயாடி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். பட்டாளம் ஒன்றும் புத்தபிரான் இல்லை. கண்ணாடியில் பெஞ்சு முழுவதும் தெரியும். ஒவ்வொரு முகமாகப் பார்த்து, மனசுக்குள் அவரவர் தகுதிக்கு ஏற்றபடி வைது முடிப்பான். பிறகு தீட்டிய கத்தியையே மறுபடி தோல்பட்டையில் தீட்டுவான். அது இன்னும் பயமுறுத்தியது என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் தீட்டினான்.

ஒரு நாள் கடை சாத்தும்போது அத்தான் பேச்சை எடுத்தார்.

“மாப்ளே, தப்பா எடுத்துக்காத. வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்னு ஊரே என்னைக் கேக்குது. இந்த மாசத்துக்குள்ள உன் நாற்காலியில ஆள் உக்காரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன். அப்புறம் உங்க அக்காகிட்ட போய் அழாத.”

“எவன் அழுதான்?” என்றான். ஆனால் மாடியறையில் படுத்து, மாசம் முடிய இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினான். அவனுக்குத் தெரிந்தது இந்த ஒரு தொழில்தான். இந்த நாற்காலியும் போனால் ஊரில் வேறெந்தக் கடையும் அவனை வாசற்படி ஏறவிடாது.

அந்த நிலையில்தான் அச்சாபீஸ்காரர் வந்தார். அவருடைய ஒரே மகன் அந்தப் போரில் செத்தவன். அதற்குப்பிறகு போரைக் கண்டித்து யார் நோட்டீஸ் கேட்டாலும் காசு வாங்காமல் அடித்துக் கொடுத்தவர். ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. உள்ளே வந்தவர் பெஞ்சைப் பார்த்தார், காலி நாற்காலியைப் பார்த்தார், நேராகப் போய் அதில் உட்கார்ந்தார்.

“என்ன, இவன் கடிச்சிடுவானா? சவரம் பண்ணுப்பா.”

பெஞ்சில் செய்தித்தாள்கள் தாழ்ந்தன. பட்டாளம் அவர் கழுத்தில் துணியைக் கட்டினான். நுரை போட்டான். தாடையை விரலால் உயர்த்தி, பழைய பூங்கையோடு மழித்தான். அவர் கண்ணயர்ந்துவிட்டார், இமைகள் பாதி திறந்தபடி. படிகாரம் தடவி முடித்ததும் அவன் கை தானாக ஒரு காரியம் செய்தது. இரண்டு விரலால் அவர் இமைகளை மெல்ல இழுத்து மூடி, துண்டை முகவாய்க்கு அடியில் கொடுத்து வாயைச் சேர்த்து அழுத்தியது.

அச்சாபீஸ்காரர் விழித்துக்கொண்டார். அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இது என்ன வேலை?”

அவன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான்.

“செத்தவங்களுக்குப் பண்ற வேலை இது. அங்க உனக்கு இதான் வேலையா?”

“ஆமா சார். ஊருக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நாங்கதான் முகம் மழிப்போம்.”

“மீசை?”

“எல்லாத்தையும் எடுத்துடணும்னு உத்தரவு. மண்ணும் ரத்தமுமா ஒரு முகம் போய்ச் சேர்ந்து ஏதோ பெரிய சண்டையாயிடுச்சாம். அதுலேர்ந்து மீசை, தாடின்னு பாக்கிறதில்ல. மழமழன்னு இருக்கணும்.”

அவர் அவனை வாசலுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனார். தெருவிளக்குக் கம்பத்தின் பக்கம் நின்று, தாழ்ந்த குரலில் பேசினார். மகன் அரும்பு விட்ட நாளிலிருந்து மீசையில் கத்தி படவிடாதவன். பெட்டியைத் திறந்ததும் அவன் அம்மா மீசையில்லாத முகத்தைப் பார்த்தாள். இது என் பிள்ளை இல்லை என்று எழுந்து போய்விட்டாள். இன்றுவரை அதே பேச்சு. வாசற்கதவைத் தாழ்போட விடுவதில்லை. அவன் கட்டிலில் தினமும் விரிப்பு மாற்றுகிறாள்.

“அடக்கம் பண்ணினது நான். என் பிள்ளையை எனக்குத் தெரியாதா? ஆனா அவ இருக்கிற வீட்ல நான் ஒரு தடவை வாய்விட்டு அழ முடியலப்பா. நீ வந்து சொல்லு. மீசையை எடுத்தது நான்தான்னு சொல்லு.”

“சார், அங்க இந்த வேலைக்கு ரெண்டு பேர் இருந்தோம். உங்க பையனுக்கு யார் பண்ணினோம்னு எனக்கு ஞாபகமில்ல. முகங்களை நான் பாக்கிறதே இல்ல. பாத்தா வேலை ஓடாது.”

“உன்னை யாரு ஞாபகம் கேட்டா? நீதான்னு சொல்லு. வாராவாரம் நான் உன் நாற்காலியில உக்கார்றேன். நான் உக்கார்ந்தா தெருவே உக்காரும்.”

நல்ல மனசோடு அவன் சம்மதித்தான் என்று சொன்னால் அது பொய். நாற்காலிக்காகத்தான் சம்மதித்தான்.

அவர் வீட்டில் அந்த அம்மாள் சமையலறை வாசலில் நின்றபடி கேட்டாள். உட்காரச் சொல்லவில்லை. அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

“உங்க பையனுக்கு மீசை எடுத்தது நான்தாம்மா.”

“பொய். இவர் சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கார்.”

அச்சாபீஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவன் கைகளையே பார்த்தாள்.

“வெந்நீர் வச்சுப் பண்ணினியா?”

இது அவன் எதிர்பாராத கேள்வி. சொல்லிக்கொடுத்த பதில் எதுவும் இதற்கு இல்லை.

“இல்லம்மா. அங்க வெந்நீருக்கு எங்க போறது? பச்சைத் தண்ணிதான்.”

அவள் முகம் மாறியது. பொய் சொல்ல வந்தவன் வெந்நீர் என்றுதானே சொல்லியிருப்பான். அவள் ஒரே எட்டில் வந்து அவன் கன்னத்தில் அறைந்தாள்.

“அவனுக்குப் பச்சைத் தண்ணி ஆகாதுடா” என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, அடக்கத்தன்று அழாத அழுகையை எல்லாம் அழுதாள். அச்சாபீஸ்காரரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். பட்டாளத்தை யாரும் கவனிக்கவில்லை. அவன் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அச்சாபீஸ்காரர் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த வாரமே வந்து மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து வாத்தியாரும், “அடுத்தது நான்ப்பா” என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். பட்டாளம் நுரையைக் குழைத்து அச்சாபீஸ்காரர் முகத்தில் தடவிக்கொண்டிருந்தபோது வாசல் இருண்டது. அந்த அம்மாள் நின்றாள். பெண்கள் ஏறாத கடைக்குள் ஏறி, நேராக அவனிடம் வந்து அவன் வலது கையைப் பிடித்துத் தூக்கினாள். பிரஷிலிருந்து நுரை சொட்டியது.

“எல்லாரும் பாத்துக்குங்க. என் பிள்ளையைக் கடைசியாத் தொட்டது இந்தக் கைதான். நான் தொட முடியல, இவன் தொட்டான். அந்தக் கையில நீங்க கன்னத்தைக் குடுத்துட்டுச் சிரிச்சுப் பேசிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. இதைப் பாக்கத்தான் நான் உயிரோட இருக்கேனா?”

அச்சாபீஸ்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் அவளைக் கூட்டிக்கொண்டு போக முயன்றார். அவள் கையை விடவில்லை. வாத்தியார் எழுந்து மறுபடி அத்தான் வரிசைக்கு நகர்ந்தார்.

“ஏன்டா, நெசமாவே நீதானா?” என்றார் அத்தான். “வாயைத் திறந்து சொல்லேன்.”

சொல்ல ஒரு வார்த்தை அவனிடம் இருந்தது. அங்கே இரண்டு பேர் இருந்தோம், அது நானாக இல்லாமலும் இருக்கலாம் என்ற வார்த்தை. அதைச் சொன்னால் நாற்காலி ஒருவேளை பிழைக்கும். அவள் வீட்டுக்குப் போய் மறுபடி கட்டிலுக்கு விரிப்பு மாற்றுவாள்.

“நான்தான்” என்றான்.

அவள் கையை விட்டாள். அத்தான் வந்து மூன்றாவது நாற்காலியின் மேலிருந்த துணியை எடுத்து, உதறாமலே மடித்தார்.