இரண்டே வரியில் முடிந்த பஸ் சண்டை

மஹ்ஜபீன் டீச்சருக்கு ஒரு குணம். எந்த ஆராய்ச்சியைப் படித்தாலும் அதைச் செய்து பார்க்காமல் தூக்கம் வராது. பிள்ளைகள் முதலில் வாயால் சொல்ல வேண்டும், பிறகு எழுத வேண்டும், கேட்கிறவர்கள் கேள்வி கேட்க வேண்டும், பிழை திருத்தமெல்லாம் கடைசியில்தான் என்று மேல்படிப்பில் படித்தாளாம். உடனே சிவப்புப் பேனாவை மேசைக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள். திண்டுக்கல் பூட்டு, லேசில் திறக்குமா?

வீட்டையும் விடவில்லை. குழம்பில் உப்பில்லை என்று கணவர் அப்பாஸ் முகம் சுளித்தார்.

"இது முதல் வரைவுங்க. குறை சொல்லாதீங்க, கேள்வி கேளுங்க."

"உப்பு எங்க?"

"அப்படிக் கேளுங்க!"

எரியோட்டுப் பள்ளியின் தலைமையாசிரியர் மணிமாறனுக்கு இந்தக் கூத்தே பிடிக்கவில்லை. "நோட்டுல திருத்தமே இல்லைன்னு பெத்தவுக முணுமுணுக்கிறாக. இன்னும் ஒரு புகார் வரட்டும், பழையபடி மழைநீர் சேகரிப்புக் கட்டுரையை நீங்க போர்டுல எழுதுங்க, பிள்ளைக பாத்து எழுதட்டும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

வந்தாளே சண்முகவள்ளி! டவுன் பஸ்ஸில் திண்டுக்கல்லுக்குப் பூ கொண்டுபோய் விற்கிறவள். ஆறாம் வகுப்பு கௌசல்யாவின் அம்மா.

"ஏன் டீச்சர், எம்மக நோட்டுல ஒரு சிவப்புக் கோடு இல்லையே. பாடம் நடக்குதா இல்லையா?"

மஹ்ஜபீன் பிடிவாதத்தை விடவில்லை. "உக்காருங்கக்கா. கௌசல்யா, எழுதினதை வாசி."

"எங்கம்மா பஸ்ஸில் கண்டக்டரிடம் சண்டை போட்டார். பிறகு நாங்கள் இறங்கினோம்."

சண்முகவள்ளி எழுந்தே விட்டாள். "இம்புட்டுத்தானாடி? அவன் பூக்கூடையைக் காலால தள்ளுனதை எங்கடி காணோம்? கேக்கிறவுக என்னையத்தானே வம்புக்காரிம்பாக!"

"கூடையில என்ன பூ?" என்றது ஒரு பிள்ளை.

"மல்லி!"

"கொட்டிருச்சா?" என்றது இன்னொன்று.

கௌசல்யா பென்சிலைப் பிடித்தவள்தான், நிமிரவே இல்லை. சத்தம் கேட்டு மணிமாறன் வாசலில் வந்து நின்றார். "என்னம்மா, புகாரா?"

சண்முகவள்ளி அவர் பக்கம் திரும்பினாள்.

"புகாருதான் சார். அம்புட்டு நல்ல சண்டையை ரெண்டே வரியில முடிச்சிருக்கா. டீச்சருக்கு இன்னொரு பீரியடு குடுங்க."

"அடுத்தது கணக்கும்மா."

"கணக்கு எங்க ஓடியா போகப்போகுது? செத்த நேரம் இருங்க சார். கூடையைத் தள்ளிட்டானா, நான் விடலையே! ஒரு கேள்வி கேட்டேன் பாருங்க..."

மணிமாறன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போகத் திரும்பினார். கால் நகரவில்லை.

"சரி, அதுக்குக் கண்டக்டர் என்ன சொன்னான்?"

மஹ்ஜபீன் சாக்பீஸை எடுத்து, தலைமையாசிரியர் கேட்ட கேள்வி என்று தலைப்புப் போட்டு, அதைப் போர்டில் பெரிதாக எழுதினாள்.