பதினேழின் தோளில் நான்கு விரல்கள்

போன மாதம் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. திருவள்ளூர் கல்யாண மண்டபம் ஒன்றில் நடக்கவிருக்கும் ஐம்பதாம் ஆண்டுச் சந்திப்புக்கான பேனரின் மாதிரி அது. மேலே வரவேற்பு வாசகம், நடுவே எங்கள் பாலிடெக்னிக்கின் பழைய முகப்பு, கீழே ‘நம்மை விட்டுப் பிரிந்தவர்கள்’ என்று ஏழு வட்டங்கள். கடைசி ஆண்டில் எடுத்த குழுப் புகைப்படத்திலிருந்து ஏழு முகங்களை வெட்டி வைத்திருந்தார்கள். ஏழாவது முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒடுங்கிய கன்னம், கொஞ்சம் சாய்ந்த தலை. இடது தோளில் யாருடைய கையோ கிடந்தது. வெட்டியதில் கை போய், நான்கு விரல்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. அவை என் விரல்கள். அந்த முகத்துக்கு உரியவன் சாகவில்லை என்பது குழுவில் எனக்கு மட்டும் தெரியும்.

எங்கள் வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. வருகைப் பதிவேட்டு எண்தான் பெயர். இன்றும் குழுவில் எழுபது வயதுக்காரர்கள் ஒருவரையொருவர் நாலு, இருபத்தொண்ணு என்றுதான் விசாரித்துக்கொள்கிறோம். அவன் பதினேழு, நான் பதினெட்டு. பட்டறையில் இரண்டு பேருக்கு ஒரு லேத் என்பதால் மூன்று வருடமும் ஒரே லேத்தில் நின்றோம். கடைசல் வேலை முழுக்க அவன் செய்வான். ரெக்கார்டு நோட்டு இரண்டையும் நான் எழுதுவேன். புகைப்படம் எடுத்த அன்று, உயரம் அதிகம் என்ற கூச்சத்தில் அவன் வழக்கம்போலக் கூனி நின்றான். “நிமிந்து நில்லுடா, பொண்ணு ஊட்டுக்கு இந்த போட்டோதான் போவப்போவுது” என்று தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினேன். அவன் சிரிப்பை அடக்கிய நொடியில் கேமரா சொடுக்கியது.

படிப்பு முடிந்து இருவரும் கும்மிடிப்பூண்டியில் ஒரே தொழிற்சாலையில் சேர்ந்தோம். நான் மாலை வகுப்பில் படித்துப் பட்டம் வாங்கி உற்பத்தி மேலாளர் ஆனேன். அவன் பிரஸ் பிரிவில் சூப்பர்வைசர். தகட்டை அச்சில் வைத்து அழுத்தும் பெரிய இயந்திரங்கள் அவை. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால்தான் இறங்கும். இறங்கும் நேரத்தில் இரண்டு கையும் வெளியே இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருந்தார்கள். ஒருமுறை ஒரு சரக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. ஒரு பொத்தானை டேப் சுற்றி நிரந்தரமாக அழுத்தி வைத்தால், ஒரு கையால் தகட்டைக் கொடுத்துக்கொண்டே இன்னொரு கையால் ஓட்டலாம். அப்படிச் செய்யச் சொன்னேன்.

“வேணாம்டா, கை பூடும்” என்றான்.

“இந்த வாரம் மட்டுந்தான். எது வந்தாலும் நான் பாத்துக்கிறேன்.”

வேறு மேலாளர் சொல்லியிருந்தால் ஷிப்டு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டிருப்பான். அதில் அவன் கறார். என்னிடம் கேட்கவில்லை. நோட்டு எழுதுகிறவன் நான்தானே என்று விட்டுவிட்டானோ என்னவோ.

மூன்றாம் நாள் காலை ஷிப்டில், பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஓர் ஆபரேட்டருக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. விசாரணை நடந்தது. அந்த ஏற்பாடு யார் சொல்லிச் செய்யப்பட்டது என்று கேட்டார்கள். “எனக்குத் தெரியாமல் சூப்பர்வைசர் செய்தது” என்றேன். எழுதியும் கொடுத்தேன். பயத்தில் சொன்னேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம் இருந்தது உண்மை. ஆனால் எழுதும்போது என் கை நடுங்கவில்லை. வெளியே பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்காமல் கடந்து போனேன். அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். நான் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்.

அவன் மனைவியின் ஊரான ஆரம்பாக்கத்தில் போய்த் தங்கி, பம்புசெட் மோட்டார் பழுது பார்க்கிறான் என்பது எனக்குத் தெரியும். போன வருடம் சூளூர்ப்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது ரயில் ஆரம்பாக்கத்தில் நின்றது. உரச்சாக்கில் எதையோ சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். நான் குனிந்து செல்போனைப் பார்த்தேன்.

எங்கள் வகுப்புத் தலைவர் திருநின்றவூரில் பிளாட் வாங்கிக் குடியிருப்பவர். சந்திப்பு வேலைகளையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்கிறார். குழுவில் இல்லாதவர்களைத் தேடும் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தபோது எனக்குக் குரல் பதிவு அனுப்பினார்: “இன்னா பதினெட்டு, உன் ஜோடி எங்கடா? கூடவே வேலை பாத்த, நீதான் தேடிப் புட்ச்சினு வரணும்.” விசாரிக்கிறேன் என்றேன். மறுபடி கேட்டார். தகவல் இல்லை என்றேன். மூன்றாம் முறை, “ஒண்ணுமே தெரியல, வருஷக்கணக்கா சத்தமில்ல” என்று எழுதினேன். அதைப் படித்து, வெளியூரில் இருக்கும் ஒருவர் ‘அவர் காலமாகிவிட்டதாக முன்பே கேள்விப்பட்ட ஞாபகம்’ என்றார். அரைமணி நேரத்துக்குள் வரிசையாகக் கும்பிடும் கைகள். ஆழ்ந்த இரங்கல். ‘நல்ல மனிதர்.’ எல்லோரும் போட்டுக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் போடாமல் இருந்தால் கேட்பார்களே என்று நானும் ஒரு கும்பிடும் கையைப் போட்டேன். நான் செய்தவற்றில் எது பெரிய பாவம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பேனர் மாதிரி வந்த பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. காலையில் கிளம்பி ஸ்டேஷன்வரை போவேன். டிக்கெட் வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். பக்கத்துக் காக்களூர் தொழிற்பேட்டையின் ஷிப்டு சங்கு கேட்டால் நடுவழியில் நின்றுவிடுவேன். என் மனைவி இரண்டு நாள் பார்த்தாள். “இன்னாங்க இது, செருப்ப மாட்றதும் கழட்றதுமா? போறதுன்னா போங்க, இல்லன்னா ஒரு எடமா குந்துங்க. பேஜாரா கீது பாக்கவே” என்றாள். எங்கே போகிறேன் என்று அவளிடமும் சொன்னதில்லை. அன்று சொன்னேன். முழுவதும் கேட்டாள். உள்ளே போய்த் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து கையில் கொடுத்தாள்.

பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி ஆரம்பாக்கத்தில் இறங்கியபோது பதினோரு மணி. டீக்கடை அம்மாவிடம் மோட்டார் வேலை செய்கிறவரைக் கேட்டேன். “நைனாவா? ரயில்வே கேட்டாண்ட தகர ஷெட்டு. தோ, இப்பத்தான் நாஷ்டா துன்னுட்டுப் போறாரு.” இறந்தவன் காலைச் சாப்பாடு முடித்துப் போயிருந்தான்; அந்த அம்மா காட்டிய திசையில் நடந்தேன்.

ஷெட்டில் அவன் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். “பதினெட்டு,” என்றான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சுற்று எண்ணிக்கை தப்பிவிடும் என்பதுபோல் கையை உயர்த்தி என்னை நிறுத்தி, முடித்துவிட்டு ஸ்டூலைத் தள்ளினான். செல்போனில் பேனர் படத்தை எடுத்து நீட்டினேன். அவன் கையைத் துடைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தூரப் பிடித்துப் பார்த்தான்.

“என்ன எப்படா சாவடிச்சீங்க?”

“போன மாசம்.”

“சொல்லி அனுப்பியிருக்கலாமே, நானும் வந்து அழுதிருப்பேன்ல.” பிறகு படத்தைப் பெரிதாக்கினான். “இது யார் கைடா, என் தோள்ல?”

“என்னுது.”

“அப்ப உன்னையுந்தான் சேத்து வெச்சிக்கீறானுங்க” என்றான். சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

பிறகு சொன்னேன். விசாரணையில் சொன்னது, குழுவில் எழுதியது, கும்பிட்ட கை, ரயிலில் குனிந்தது எல்லாம். அவன் மறுக்கவோ தேற்றவோ இல்லை. “எனக்குத் தெரியாதா? அந்த ரூம்லேர்ந்து வெளிய வந்தப்ப உன் மூஞ்சியப் பாத்தேனே. அஞ்சு நாளு கம்பெனி கேட்டுக்கு வெளிய சைக்கிள் ஸ்டாண்டுல நின்னேன்டா. நீ மாத்திச் சொல்லுவேன்னு இல்ல. கிட்ட வந்து, ‘பயந்துட்டேன்டா’ன்னு ஒரு வார்த்த சொல்லுவேன்னு நின்னேன். நீ வேற கேட்டு வழியா பூட்டே.” அந்த ஆபரேட்டரைப் பற்றிக் கேட்டேன். கேட்கும்போதே, இத்தனை வருடத்தில் முதன்முறையாகக் கேட்கிறேன் என்று உறைத்தது. “கீறான். பொங்கலுக்குப் பொங்கல் போய்ப் பாத்துட்டு வருவேன். டேப்பு சுத்துனது என் கைதானே” என்றான்.

சந்திப்புக்கு வா என்றேன். கம்பிச் சுருளைக் கையில் எடுத்துக்கொண்டான். “வரேன். வந்தா, இத்தினி வருஷம் எங்கடா போனேன்னு அவனுங்க கேப்பானுங்க. நான் சொல்ல மாட்டேன். நீதான் ரெக்கார்டு நோட்டு எழுதுறவன். நீ எழுது. அதப் படிச்சிட்டு வரேன்.” அதற்குமேல் அவன் என்னைப் பார்க்கவில்லை.

திரும்பும் ரயிலில் எழுதினேன். எழுதி அழித்து எழுதினேன். ‘சூழ்நிலை காரணமாக’ என்று ஒரு வரி வந்தது, அழித்தேன். கும்மிடிப்பூண்டியில் ஷிப்டு முடிந்தவர்கள் டிபன் கேரியர்களோடு முண்டியடித்து ஏறினார்கள். எனக்கு எதிரே உட்கார்ந்த ஒருவர் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு தூங்கிப்போனார். பத்து விரல்கள். வண்டி நகர்வதற்குள் குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

எல்லோரும் படித்துவிட்டதாக நீல நிறம் காட்டியது. ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. எதற்கும் ஒரு படம் போடுகிற குழு அது. வீடு வந்து சேர்ந்த பிறகு தலைவர் கூப்பிட்டார். “அவன் உசுரோட கீறான்றது சந்தோஷம். உன்ன இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரிலடா” என்று வைத்துவிட்டார். நான் அனுப்பிய போன் நம்பரை வைத்து அவனைக் குழுவில் சேர்த்து, நான் எழுதியதையும் அவனுக்குப் போட்டார். மறுநாள் காலை அவனிடமிருந்து ஒரே வரி வந்தது: ‘பதினேழு, பிரசன்ட் சார்.’ அதற்குப் பிறகுதான் குழுவில் கூச்சல் தொடங்கியது. அவனை எல்லோரும் விசாரித்தார்கள். என்னை யாரும் விசாரிக்கவில்லை. அது சரிதான்.

நேற்றுப் புதிய பேனர் மாதிரி வந்தது. கீழே ஆறு வட்டங்கள். ஏழாவது முகத்தோடு என் விரல்களும் போயிருந்தன. கூடவே தலைவரின் அறிவிப்பு: ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன் குழுப் புகைப்படம், பழைய படத்தில் நின்ற அதே வரிசையில் எல்லோரும் நிற்க வேண்டும். அப்படியென்றால் பதினேழுக்குப் பக்கத்தில் பதினெட்டு. காலையிலிருந்து மூன்று முறை கண்ணாடி முன் போய் நின்று பார்த்துவிட்டேன். அன்று கேட்காமலே அவன் தோளில் போட்ட கையை, இந்த முறை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.