என்னால் ஏற முடியாத டிப்பர்

சண்டை முடிந்து, மன்னாரில் இருந்து இடம்பெயர்ந்து வந்த எங்கள் சனம் திரும்பிப் போய்க் காடு வெட்டி வீடு கட்டத் தொடங்கிய காலம். கிரவலுக்கும் மணலுக்கும் அப்படி ஒரு கிராக்கி. புத்தளத்துத் தில்லையடியில் எங்கள் வளவுக்குள் மண் அள்ளும் பெக்கோ ஒன்றும் கிழட்டு டிப்பர் ஒன்றும் நின்றன. இன்னொரு டிப்பர் எடுத்தே ஆகவேண்டும் என்று என் மனிசன் ஒற்றைக் காலில் நின்றார். சும்மா சொல்லவில்லை, மற்றக் காலின் முழங்கால் போய்விட்டிருந்தது.

அதை ஒருத்தருக்கும் சொல்லமாட்டார், எனக்கும்தான். பள்ளிவாசலுக்குப் போவதைக் குறைத்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கதிரையில் குந்திக்கொண்டு தொழுவார். கதிரை இழுபடும் சத்தம் எனக்குக் கேட்காதாமா? கேட்டால், "ஒண்டுமில்ல, நீ உன்ட வேலையப் பாரு" என்று பாய்வார். ஸ்டியரிங்கை வேறொருவன் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் குந்தவேண்டி வருமோ என்று பயம். அந்தப் பயம்தான் எனக்குத் தாங்காது.

முந்தலில் பாவித்த வாகனம் விற்கும் யாட்டுக்கு என்னையும் கூட்டிப் போனார். எந்த வண்டி எடுத்தாலும் நான் முதலில் ஏறி பிஸ்மி சொன்னால்தான் பரக்கத், தொழில் பெருகும் என்பது அவருடைய எண்ணம். அங்கே இரண்டு டிப்பர் நின்றன. ஒன்று பத்துச் சில்லில் ஓடுவது, பெரியது. மற்றது ஆறு சில்லு, பதிந்த கெபின், ஒரே ஒரு மிதிபடி. இவருக்குக் கண் பெரியதில்.

யாட்டுக்காரர் சிங்களவர், நியாயமான மனிசன். "பெரிய ரோட்டு வேலைக்கு இது ராஜா. உங்கட மணல் ஒழுங்கைக்குள்ள போனாப் புதையும். அதுக்குச் சின்னதுதான் சரி" என்றார். இவர் காதில் விழுந்தால்தானே!

நான் பெரியதன் மிதிபடியைப் பார்த்தேன். முதல் படியே என் இடுப்பளவு. கிரவல் கிடங்கில் ஒருக்கா, பொலிஸ் மறித்தால் ஒருக்கா, மண்ணைப் பறித்துக் கொட்டும் இடத்தில் ஒருக்கா என்று நாள் முழுக்க ஏறி இறங்கவேண்டும். முழங்காலைப் பற்றி வாய் திறந்தால் அந்த இடத்திலேயே வெடிப்பார்.

"ஏறு, பிஸ்மி சொல்லு" என்றார்.

அபாயாவைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினேன், இறக்கினேன். "யா அல்லாஹ், இதென்ன மினாராவா? என்னால ஏலா. இடுப்பு முறிஞ்சிரும்."

"தின்னுற தீனி அப்பிடி."

"சொல்லுங்க, சொல்லுங்க. நான் ஏறாத வண்டி நம்மட வளவுக்குள்ள வராது."

முணுமுணுத்து முணுமுணுத்துக் கடைசியில் ஆறு சில்லைத்தான் எடுத்தார். நான் ஏறிப் பிஸ்மி சொன்னேன். பிறகு இவர் ஏறினார், முகம் சுளிக்காமல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பிறகு புத்தளம் முழுக்க இதே கதைதான். "பெரியதத்தான் எடுக்க இருந்தன் மச்சான், இவவுக்கு ஏற ஏலாமப் போச்சு" என்று தேத்தண்ணிக் கடையில் சொல்ல, எல்லாரும் சிரிப்பார்களாம். என் கூடப்பிறந்த ராத்தாகூட "கொஞ்சம் மெலியப் பாரு புள்ள" என்றா. சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஒருநாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. சீமெந்து மூட்டை ஏற்றிய டிப்பர் வளவில் திறந்தபடி நின்றது. இவர் உள்ளே தொழுகையில். நானே டயரில் கால் வைத்து, பக்கப் பலகையைப் பிடித்து உச்சிக்கு ஏறி, மூட்டை நனையாமல் படங்கை இழுத்துக் கட்டினேன். திரும்பினால் வாசலில் இவர். நான் நின்ற உயரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். தூறலுக்குள் வந்து கயிற்று முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்தநாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு வண்டியோடு வந்தார். வேலைக்காரர் நாலைந்து பேர் வளவில் நின்றார்கள். கதவைத் திறந்தவர் இறங்காமல் இருந்தார். எல்லாருக்கும் கேட்க என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வா. முழங்கால் ஏலாமக் கிடக்கு. கையக் கொஞ்சம் தா."