தந்தை தொழில்: வீவர்

ஓய்வுபெற்றுப் பதினோரு ஆண்டுகள் கழித்துப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கன்சல்டன்சியில் சேர்ந்தேன். குவிந்து கிடக்கும் பயோடேட்டாக்களில் தொழிற்சாலைகள் கேட்கும் ஆட்களைக் கணினியில் தேடித் தருவது வேலை. மூன்று சொற்கள் போதும். ‘ஆண்ட்’ போட்டால் இரண்டும் இருக்க வேண்டும். ‘ஆர்’ என்றால் ஏதாவது ஒன்று. ‘நாட்’ போட்டால் அந்தச் சொல் உள்ளவர் திரைக்கே வரமாட்டார்.

ஒரு கம்பெனி கணக்குப் பிரிவுக்கு ஆள் கேட்டது. ‘பி.காம் ஆண்ட் ஜிஎஸ்டி’ என்று தட்டினேன். நூற்று எண்பத்தாறு பேர். எங்கள் கன்சல்டன்சி முதலாளிக்கு என் மகன் வயது. பின்னால் வந்து நின்றார்.

“வீவருக்கு ஒரு நாட் போடுங்க சார். முகூர்த்த மாசம் வந்தா லீவு போட்டுட்டுத் தறியில உக்காந்துடறாங்களாம்.”

போட்டேன். ஐம்பத்திரண்டு. விழுந்த நூற்று முப்பத்துநான்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். தறியில் உட்கார்ந்தவர்கள் ஒன்பதே பேர். மற்றவர்கள் ‘தந்தை தொழில்’ என்ற இடத்தில் வீவர் என்று எழுதியவர்கள். இங்கே எல்லோரும் அதை எழுதுவார்கள். என் எதிர்வீட்டுப் பெண்ணும் எழுதியிருந்தாள். அந்தக் கம்பெனி வைத்த வயது வரம்பைத் தாண்ட அவளுக்கு இருபத்திரண்டு நாள்தான் இருந்தது.

முதலாளியிடம் சொன்னேன். “லிஸ்ட் சின்னதா இருந்தா கம்பெனிக்காரங்களுக்கு சந்தோஷம். விடுங்க சார்,” என்றார்.

அவளை வரவழைத்தேன். அப்பாவும் கூட வந்தார். அந்த வரியை அழித்தேன். கட்டம் காலியாக இருந்தால் கணினி ஏற்கவில்லை. முதலாளி சிரித்தார்.

“லேட்னு போட்டுடும்மா. செத்தவருக்கு யாரு தொழில் கேக்கப் போறாங்க.”

“எதிர்லயே உக்காந்துக்கினு இருக்காரே சார்,” என்றாள்.

“போடுங்க சார். நீங்க எழுதினா செத்துடுவனா?” என்றார் அப்பா.

அவள் விசைப்பலகையைத் தொடவில்லை. நான்தான் தட்டினேன், ஆங்கிலத்தில் நான்கு எழுத்து. மறுபடி தேடினேன். ஐம்பத்துமூன்று.

அவளுக்கே வேலை கிடைத்தது. மூன்றாம் மாதம் கம்பெனியிலிருந்து மருத்துவக் காப்பீட்டு அட்டை வந்தது, பயோடேட்டாவில் உள்ளபடி அவள் பெயரோடு அம்மா பெயர் மட்டும் போட்டு. அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அந்த அட்டையை நம்பித்தான் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

“மாத்த முடியாதா சார்?”

“பொய் சொன்னேன்னு நீயே எழுதிக் கொடுக்கணும். வேலை போயிடும்மா.”

அவள் அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் அப்பா இப்போது எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். காலடிச் சத்தம் கேட்டால், “யாரு, சாரா?” என்கிறார். நான் பதில் சொல்லாமல் நடந்துவிடுகிறேன். இந்த மாதம் ஏழு முறை.