ஈஸ்ட் ஹாமுக்குப் புறப்பட்ட அக்கா

அந்த நீலப் பலகையைப் பற்றி அக்கா எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறா. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் இலையுதிர்காலக் காலையில், காசு வாங்கிக்கொண்டு லண்டனுக்கெனக் கூட்டி வந்த ஏஜென்சிக்காரன் ரயில் நின்றதும், "ஹாம் வந்திட்டுது அக்கா, இறங்குங்கோ" என்று அவவை இறக்கிவிட்டான். அவன் இறங்கவில்லை. ரயில் போய்விட்டது. எதிரே பெரிய நீலப் பலகை. அதில் ஹம் என்றும், அடைப்புக்குறிக்குள் வெஸ்ற்ஃப் என்றும் இருந்தது. அக்காவைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் இருந்தது லண்டனில், ஈஸ்ட் ஹாமில். அதற்குக் கொஞ்சம் முன்னால் வெஸ்ட் ஹாம் என்று ஒரு நிலையம் வரும் என்று அவர் சொல்லியிருந்தார். ஆகவே இது வெஸ்ட் ஹாம், அடுத்த வண்டியில் ஏறினால் ஈஸ்ட் ஹாம் என்று கணக்குப் போட்டு, பெட்டியின் மேல் அமர்ந்து காத்திருந்தா.

கடைசியில் ரயில்வே சீருடை போட்ட ஒருவர் வந்து விசாரித்தார். "ஈஸ்ட் ஹாம்?" என்று அக்கா கேட்டிருக்கிறா. அவர் யோசித்தார். பிறகு அவவைச் சுவரிலிருந்த பெரிய வரைபடத்துக்கு முன்னால் கூட்டிப்போய், ஹம் என்ற இடத்தில் ஒரு விரலை வைத்தார். அந்த விரல் மெதுவாக மேற்கே நகர்ந்தது. ஹொலண்ட் வந்தது, கடல் வந்தது, கடலையும் தாண்டி லண்டனில் போய் நின்றது. "அந்த விரல் கடலுக்கு மேலாலை போகேக்கைதான் எனக்கு அழுகை வந்தது" என்பா அக்கா. ஏஜென்சிக்காரன் தெரிந்துதான் ஏமாற்றினானா, அவனுக்கே வித்தியாசம் தெரியாதா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தான் நிற்பது ஜெர்மனியில், வெஸ்ற்ஃப் என்றால் அங்குள்ள வெஸ்ட்ஃபாலன் பகுதி என்பதை அவ அன்றுதான் அறிந்தா.

ஹைம் என்கிற அகதிகள் விடுதியில் அவவுக்குக் கிடைத்தது என் அறையின் மற்றக் கட்டில். நானும் யாழ்ப்பாணம். வயதில் அவ என்னைவிட நாலைந்து வருடம் மூப்பு, அதனால் அக்கா. வேறு சொந்தம் எங்களுக்குள் இல்லை. அடைக்கல விண்ணப்பம் போட்டவர்கள் நகர எல்லையைத் தாண்டிப் போக அனுமதி இல்லாத காலம் அது. லண்டனை விடுங்கள், பக்கத்து நகரமான டோர்ட்முண்டில் இருந்த தன் சித்தியைப் பார்க்கப் போகவும் அவ அரசாங்கக் கந்தோரில் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும்.

ஞாயிறு பின்னேரங்களில் லண்டன் மாப்பிள்ளை தொலைபேசி எடுப்பார். ஹைமில் இருந்தது ஒரே ஒரு தொலைபேசி, அதுவும் எல்லாரும் போய்வருகிற நடைவழியில். பக்கத்தில் பிள்ளைகள் விளையாடும், யாரோ உடுப்புக் காயப்போடுவார்கள், நாலு பேர் தங்கள் அழைப்புக்காகக் காத்து நிற்பார்கள். இவர்களோ பேசி நிச்சயிக்கப்பட்ட சோடி. ஒருவரையொருவர் படத்தில் மட்டும் பார்த்தவர்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் என்ன கதைப்பது? "சாப்பிட்டீங்களோ?" "ஓம்." "அங்கை குளிரோ?" "ஓம்." பிறகு நீண்ட மௌனம். முதல் மாதங்களில் அக்கா தொலைபேசிக்குப் பக்கத்தில் கிடந்த வாங்குப் பலகையைவிட்டு எழும்பி வரும்போது முகம் வாடியிருக்கும். "பாவம், அவருக்கும் கதைக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது" என்பா.

அவர் லண்டனில் மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓட்டியவர். ஒருநாள் வேறு பேச்சு அகப்படாமல், காரில் ஏறிய ஒரு கிழவர் 'லூயிஷம்' என்ற லண்டன் பகுதியின் பெயருக்குச் சொன்ன விளக்கத்தை அக்காவிடம் சொன்னார். அதன் கடைசியில் வருவது 'ஹாம்', பழைய ஆங்கிலத்தில் வீடு, குடியிருப்பு. யாரோ ஒரு பழங்காலத்து மனிதனின் வீடுதான் லூயிஷம். அக்கா உடனே, "இஞ்சையும் வீட்டை ஹைம் எண்டுதான் சொல்லுறவை. நான் இருக்கிறதும் ஹைம்தான்" என்றா. அன்று மௌனம் வரவில்லை.

அதன் பிறகு அதுவே பேச்சாகிவிட்டது. அவர் நூலகத்தில் ஊர்ப்பெயர் அகராதி ஒன்றைத் தேடிப் பிடித்தார். தான் ஆள் ஏற்றி இறக்குகிற ஊர்களையெல்லாம் அதில் பார்த்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சொல்வார். ஒக்ஸ்ஃபோர்ட் எருதுகள் ஆற்றைக் கடந்த துறை. குரொய்டன் குங்குமப்பூப் பூத்த பள்ளத்தாக்கு. ஹரோ, கிறிஸ்தவம் வருவதற்கு முன் அங்கு இருந்த சனங்களின் கோயில். வெம்ப்ளி, காட்டை வெட்டித் திறந்த வெளி. அக்கா தன் பங்குக்கு இங்கத்தைப் பெயர்களோடு பொருத்துவா. ஃபோர்ட் என்பது ஃப்ராங்க்ஃபுர்ட்டின் ஃபுர்ட். வெம்ப்ளியின் லி, எங்களுக்குக் கிட்ட இருக்கிற கூற்றர்ஸ்லோவின் லோ. அங்கே கிராமம் என்ற பொருளில் தோர்ப் என்று முடிகிற ஊர்கள் இங்கே டோர்ஃப், ஹம்மின் ஓரத்து ஊன்ட்றொப்பில் அதுவே திரிந்து ட்றொப். ஜெர்மன் வகுப்பில் அக்கா கை உயர்த்திக் கேட்கிற கேள்விகளைப் பார்த்து ஆசிரியைக்கே ஆச்சரியம். நடைவழியில் காத்து நிற்பவர்களுக்கு எரிச்சல். "காதல் கதைப்பினம் எண்டு பாத்தால் பூகோளம் படிக்கினம்" என்று ஒருவர் முணுமுணுத்தது இன்னும் காதில் கிடக்கிறது.

ஒரு ஞாயிறு அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு அறைக்கு வந்து கட்டிலில் அமர்ந்தா. என்ன என்று கேட்டேன். ஈஸ்ட் ஹாமில் உள்ள ஹாம், வீடு என்ற ஹாம் இல்லையாம். அது வேறு சொல். ஆறும் சதுப்பும் சூழ்ந்த புல்நிலத்துக்குப் பெயர். இங்கத்தை ஹம்மும் அப்படித்தான். இரண்டு ஆறுகள் சேர்கிற மூலையில் பிறந்த ஊர்.

"தண்ணியை வேலியாக் கொண்ட நிலம் எண்டு அவர் வாசிச்சார். வாசிச்சுப்போட்டு நிப்பாட்டிட்டார். எனக்கும் கதை வரேல்லை" என்றா அக்கா.

அக்காவின் ஊர் நீர்வேலி.

அந்த நாளிலிருந்து அவர் வாயில் "நீங்கள்" போய், எங்கள் ஊரில் நெருங்கியவர்களைச் சொல்லுகிற "நீர்" வந்ததாக அக்கா வெட்கத்தோடு சொன்னா.

ஆனால் பெயர்கள் சேர்ந்ததுபோல ஆட்கள் சேர முடியவில்லை. லண்டன் விசா இரண்டு முறை மறுக்கப்பட்டது. நேரில் சந்திக்காத இருவர் கலியாணம் செய்யப்போகிறார்கள் என்பதை விசா அதிகாரிகள் நம்பவில்லை. இங்கே அக்காவின் அடைக்கல விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டு, மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தது. லண்டனில் மாப்பிள்ளையின் தாய், வயது போகுது, வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லத் தொடங்கியிருந்தா. பிறகு ஒரு ஞாயிறு அழைப்பு வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. அக்கா வாங்கில் இருந்து தொலைபேசியைப் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தா. மூன்றாவது ஞாயிறு அவ அறையைவிட்டு வெளியே வரவேயில்லை. மணி அடித்தபோது நான்தான் ஓடிப்போய் எடுத்தேன்.

"தங்கச்சி, அவவைக் கூப்பிடுங்கோ. அம்மாவோடை சண்டை பிடிச்சு முடிய இவ்வளவு நாள் எடுத்திட்டுது" என்றார்.

அவரிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தது. ஐரோப்பியச் சட்டப்படி அவர் ஜெர்மனிக்கு வந்து வேலை செய்தால், மனைவியாக அக்காவும் இங்கே இருக்கலாம் என்று வழக்கறிஞர் ஒருவர் சொல்லியிருந்தார். அக்கா தொலைபேசியை வாங்கி, அவர் அதைச் சொன்னவுடன் மறுத்தா. "வேண்டாம். உங்கடை தொழிலையும் வீட்டையும் விட்டிட்டு, பாஷையும் தெரியாமல் இஞ்சை வந்து என்ன செய்வியள்? என்னாலை ஏலாது, அந்தப் பாரத்தைச் சுமக்க." அவர் என்ன சொன்னாரோ தெரியாது. அக்கா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு நடைவழியில் நின்ற எல்லோருக்கும் முன்னால், கண்ணைத் துடைக்காமலே, "சரி, வாங்கோ" என்றா.

வசந்தத்தில் வந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளம், கூச்சம் அதைவிட அதிகம். நேரில் கண்டதும் இருவருக்கும் பழையபடி வாயடைத்துவிட்டது. பதிவுத் திருமணத்துக்கான பத்திரங்கள் ஒழுங்காகும்வரை அவர் டோர்ட்முண்ட் சித்தி வீட்டில் தங்கினார். ஹைமுக்கு வரும்போதெல்லாம் நானும் சித்தியும்தான் கதைப்போம். அவர்கள் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதுக்காகவா இவ்வளவு பாடு என்று எனக்கு உள்ளூரப் பயம்.

திருமணப் பதிவு முடிந்த அன்று, சாப்பாட்டுக்கு நேரம் இருந்தபடியால், அவர்களும் நானுமாக மூன்று பேரும் ஹம்முக்கூடாக ஓடுகிற லிப்ப ஆற்றுப் பக்கம் நடந்தோம். பனிக்கால வெள்ளம் இன்னும் வடியவில்லை. புல்வெளி முழுக்கத் தண்ணீர், நடுவில் திட்டுத் திட்டாகப் பச்சை. அவர் நின்றுவிட்டார்.

"பன்னிரண்டு வருசம் ஈஸ்ட் ஹாமிலை இருந்தனான். ஒரு சொட்டுத் தண்ணியைக் காணேல்லை. எல்லாம் கடையும் தார் றோட்டும்" என்றார். புதுச் சப்பாத்தும் கோட்டும் போட்டபடி, எல்லாவற்றையும் கிட்டப் பார்க்கிறவர்போல இன்னும் ஓரடி வைத்தார். முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டார்.

அக்கா முதலில் பதறினா. பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்து இழுத்தபடி, வயிறு நோகச் சிரித்தா. "வேலியைத் தாண்டிட்டியளே!" அவரும் சிரித்தார். அதன் பிறகு நான் நடுவில் நின்று கதைக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் ரொட்டி சுடுகிற ஒரு பாண் தொழிற்சாலையில் வண்டி ஓட்டினார். ஊர்ப்பெயர்களிலிருந்தே ஜெர்மன் பழகினார். இரண்டு பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். இப்போது லண்டனுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பலாம். அக்காவும் கலியாணவீடுகளுக்குப் போய்வந்திருக்கிறா, ஒரு கிழமைக்கு மேல் நின்றதில்லை. நான் இருப்பது இன்னும் ஹம்மில்தான், அவர்களிடமிருந்து இரண்டு தெரு தள்ளி. மழை கூடி லிப்ப பெருகும்போது என் கைத்தொலைபேசி அடிக்கும். வணக்கம்கூடச் சொல்லாமல் அத்தான் தொடங்குவார்:

"தங்கச்சி, புல்லெல்லாம் மூடிட்டுது. அக்கா சப்பாத்துப் போடுறா. கெதியா வாங்கோ."